சிறையில் எழுந்த இரு வரலாற்று நூல்கள்: கட்டிளமைப் பருவத்தினர்க்கு உலகநோக்கின் வரலாற்றைப் போதித்தல் பற்றிய சில அவதானங்கள்

இலங்கைப் பாடசாலைகளில் வரலாறு, 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது சமூகக்கல்வி என்னும் ஒருங்கிணைந்த பாடத்தினுள் கரைந்துபோயிற்று. பல ஆண்டுகளின் பின்னர் அது மீண்டும் தனிப்பாடமாயிற்று. இவ்விரு நிலைமைகளிலும் மாறாதிருந்த குறைபாடு ஒன்றுண்டு. அரசர் பெயர்களையும் குளங்களையும் படையெடுப்புகளையும் மனனஞ் செய்யும் மாணவன், அக்குளங்களை வெட்டியோர் உலகை எவ்வாறு கண்டனர், மழையையும் இறப்பையும் உடைமையையும் பற்றி யாது எண்ணினர், ஏன் அவ்வாறு எண்ணினர் என்பனவற்றை அறியாமலே பாடசாலையை விட்டு வெளியேறுகிறான். எவருடைய நாடு, எவர் முதலில் வந்தார் என்னும் வினாக்களே எமது வரலாற்று விவாதங்களை நிரப்பியுள்ளன. சிந்தனைக்கும் ஒரு வரலாறு உண்டு என்ற உணர்வு இளமையிலே ஏற்படாதவிடத்து, இன்றைய தம் நம்பிக்கைகளே என்றும் இருந்தன என்று ஒவ்வொரு சமூகத்தாரும் கருதுவது தவிர்க்கவொண்ணாதது. அதன் விளைவுகளை இந்நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில், இளைஞர்க்கு மனிதகுல வரலாற்றை முழுமையாகக் கூற முயன்ற இரு நூல்களை மீளவும் எடுத்து நோக்குவது பயனுடைத்து. ஒன்று, ஜவஹர்லால் நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுதியாகிய உலக சரித்திரம். 1930 ஒக்டோபரில் நைனிச் சிறையில் தொடங்கி 1933 ஓகஸ்டில் டேராடூன் சிறையில் முடிவுற்ற 196 கடிதங்கள் 1934இல் நூலாயின. தொடக்கக் கடிதம் இந்திராவின் பதின்மூன்றாவது பிறந்தநாளை முன்னிட்டு எழுதப்பட்டது. மற்றையது, ராகுல் சாங்கிருத்யாயன் 1942இல் ஹசாரிபாக் மத்திய சிறையிலிருந்து எழுதிய வால்காவிலிருந்து கங்கை வரை. கண. முத்தையாவின் தமிழாக்கத்தின் வழியாக எம்மிடையே நிலைபெற்ற இந்நூல், இளைஞர்க்கென்றே எழுதப்பட்டதன்று. எனினும் முற்போக்கு வாசிப்பு வட்டங்களிலே பதினைந்து, பதினாறு வயதினர் கைகளில்தான் அது அதிகம் புழங்கிற்று என்பதைப் பலரும் தம் அனுபவத்திலிருந்து ஒப்புக்கொள்வர். ராகுலை இலங்கை வாசகர் அந்நியராகக் கருத வேண்டியதுமில்லை. 1927இல் களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவுக்கு வந்து சமஸ்கிருதம் போதித்துப் பாளி பயின்றவர் அவர். 1930இல் பௌத்த பிக்குவாகித் தம் பெயரைப் பெற்றதும் இங்கேயே.

நேருவின் நூலைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அதன் சிறப்பு அதன் பரப்பிலே உள்ளது. ஐரோப்பாவை உலகின் நடுவாக வைக்காது சீனத்தையும் பாரசீகத்தையும் அரேபியாவையும் உடன்நிறுத்திக் கூறியமை, அக்காலத்தில் எளிய செயலன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டைப் பற்றிய கடிதத்திலே புத்தர், மகாவீரர், கொன்பூசியஸ், லாவோட்சே, சரதுஷ்டிரர், பைதகரஸ் ஆகியோரை ஒருங்கு வைத்துக் காட்டும்போது, ஒரு பதின்ம வயதினளின் உள்ளத்தில் எழக்கூடிய வியப்பை நாம் உணரலாம். (சரதுஷ்டிரரின் காலத்தைப் பல அறிஞர் இன்று மிகவும் முன்னே கொண்டுசெல்வர் என்பது வேறு விடயம்.) ஆயின், வியப்பு வினாவாக மாறவேண்டிய இடத்திலே கடிதம் நின்றுவிடுகிறது. ஒன்றோடொன்று நேர்த்தொடர்பற்ற நிலப்பரப்புகளில் ஏறத்தாழ ஒரு காலத்தில் பழைய தெய்வங்கள் ஏன் போதாமற்போயின? குலக்குழுக்களின் சிதைவு, நகரங்களின் எழுச்சி, இரும்பின் பரவல், வணிகரின் முக்கியத்துவம் என்பன ஒரு சேர நோக்கப்படும்போதே இவ்வினாவுக்கு விடைகாண வழி பிறக்கும். நேரு பொருளாதாரக் காரணிகளை அறியாதவரல்லர். பிற்காலக் கைத்தொழிற் புரட்சியைப் பற்றிக் கூறுமிடத்து அவற்றை விரிவாகவே கையாள்கிறார். பண்டைக்காலச் சிந்தனையைப் பற்றிக் கூறும்போது மட்டும் அது பெரியோர் உலகுக்கு அளித்த கொடையாக மாறிவிடுகிறது.

ராகுலின் நூல் இக்குறையை நேராக எதிர்கொள்ளும் நூலாகும். கி.மு. 6000இல் வால்கா நதிக்கரையில் தொடங்கி 1942இல் முடிவுறும் இருபது கதைகள் இதிலுள. கதைகளின் இறுதியில் அது எத்தனை தலைமுறைக்கு முற்பட்டது என்று ஆசிரியர் குறித்துச் செல்கிறார். முதற்கதையாகிய ‘நிஷா’ 361 தலைமுறைகளுக்கு முற்பட்டது. கற்பித்தல் நோக்கில் இதனினும் சிறந்த உத்தியை நாம் அறியோம். எண்ணாயிரம் ஆண்டு என்பது மாணவனுக்கு வெறும் எண். தாய், அவள் தாய், அவள் தாய் என்று 361 முறை பின்னோக்கிச் செல்வதோ உடலால் உணரத்தக்க தொலைவு. உடைமையும் குடும்பமும் ஆண்தலைமையும் என்றுமுள்ளவை அல்ல என்பதை, தாய்க்கும் மகளுக்கும் இடையில் எழும் தலைமைப் போட்டி வால்காவின் நீரிலே முடிவுறும் அக்கதை, எந்தப் பாடநூலும் செய்யாத வகையில் உணர்த்திவிடுகிறது. மோர்கன் 1877இலும் எங்கெல்ஸ் 1884இலும் முன்வைத்த தாய்வழித் தலைமைக் கோட்பாட்டின் அனைத்துலகத் தன்மையைப் பிற்கால மானிடவியல் ஏற்கவில்லை. ஆசிரியர் இதை மாணவர்க்குக் கூறுதல் கடமை. கூறியபின்னும் கதையின் பயன் குன்றுவதில்லை.

எம் கருத்து வேறுபாடு தொடங்குவது ‘பிரவாஹன்’ கதையிலே. கி.மு. 700 எனக் காலங்குறிக்கப்பட்ட இக்கதையில், பாஞ்சால அரசனாகிய பிரவாஹன் பிரமம் என்னும் கருத்தையும் மறுபிறப்புக் கொள்கையையும் வேண்டுமென்றே புனைகிறான். பழைய தேவர்களை மக்கள் ஐயுறத் தொடங்கிவிட்டனர். ஆகவே காணமுடியாத, எனவே மறுக்கவும் முடியாத ஒன்று ஆள்வோருக்குத் தேவை. செல்வமும் வறுமையும் முற்பிறப்பின் பயன் என்று நம்புவோர் கிளர்ந்தெழார். இவற்றையெல்லாம் அவன் தன் அன்புக்குரிய லோபாவிடம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். கதை விறுவிறுப்பானது; அதன் முதல் வாசிப்பில் கண்திறந்துவிட்டதாக உணராத இளைஞர் அரியர்.

இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன்னர் பதினோராந் தரத்து மாணவர் குழுவொன்றுடன் இக்கதையை வாசித்தார். மாணவர் பலர் மிக்க மகிழ்ச்சி அடைந்தனர். சமயம் என்பது இவ்வளவுதான் என்று தீர்ப்பும் கூறிவிட்டனர். ஒரு மாணவி மாத்திரம் எழுந்து, தன் அம்மம்மா ஆண்டுதோறும் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர் என்றும், அவர் ஏமாற்றுபவரா அல்லது ஏமாற்றப்பட்டவரா என்றும் வினவினாள். அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. கதையிலும் இல்லை. பிரவாஹனின் உலகிலே இருவகை மாந்தர் மட்டுமே உளர்: அறிந்து பொய்யுரைப்போரும் அறியாது நம்புவோரும். உண்மையாக நம்பியோருக்கு அதில் இடமில்லை.

இதனைக் கருத்துநிலை பற்றிய சதிக்கோட்பாடு எனலாம். இது மார்க்ஸியத்தின் பெயரால் வழங்கப்பட்டாலும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிவொளி இயக்கத்தாரில் ஒரு சாராரின் மரபைச் சேர்ந்தது. குருமாரும் மன்னரும் கூடிச் சமயத்தை உருவாக்கினர் என்று வாதிட்டோர் அவர்களே. பொருளாதாரத்தை ஒன்றே ஒன்றான நிர்ணய காரணியாகக் கொள்வோரைக் கடிந்து, 1890இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதத்திலே எங்கெல்ஸ் கூறிய எச்சரிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு கருத்து ஆளும் வர்க்கத்துக்குப் பயன்பட்டது என்பது ஒன்று. அப்பயனுக்காகவே அது திட்டமிட்டுப் படைக்கப்பட்டது என்பது முற்றிலும் வேறொன்று. முன்னையதை வரலாற்றுச் சான்றால் நிறுவலாம். பின்னையதற்கு அரசனின் அந்தரங்கத்தினுள் புகவேண்டும்; நாவலாசிரியர் புகலாம், வரலாற்றாசிரியர் புகவியலாது.

மூல ஆதாரத்தை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்திலே பிரவாஹண ஜைவலி, சுவேதகேதுவின் தந்தையாகிய கௌதம ஆருணிக்கு ஐந்து அக்கினிகள் பற்றிய வித்தையைப் போதிக்கிறான். அதற்கு முன்னர் அவ்வறிவு பிராமணரிடம் சென்றதில்லை என்றும், அதனாலேயே ஆட்சி சத்திரியரிடம் இருந்தது என்றும் அங்கு கூறப்படுகிறது. ராகுல் பற்றிக்கொண்ட நூலிழை இதுவே. அது மிக நுண்ணிய அவதானம். அறிவுக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை அந்நூலே வெளிப்படையாகக் கூறுகிறது. ஆயினும் அவ்வித்தையின் உள்ளடக்கத்தைப் பாருங்கள்: மேலுலகம், மழை, பூமி, ஆண், பெண் என ஐந்து தீக்களில் ஆகுதி நிகழ்கிறது, மழை உணவாகி, உணவு வித்தாகி, வித்து மனிதனாகிறது. வேள்வியைப் பிழைப்பாகவும் பயிர்ச்செய்கையை வாழ்வாகவும் கொண்ட ஒரு சமூகம், தான் அறிந்த இரு செய்கைகளைக் கொண்டே பிறப்பையும் இறப்பையும் விளங்கிக்கொள்ள முயன்றிருக்கிறது. விதை மண்ணில் மறைந்து மீண்டும் முளைப்பதை ஆண்டுதோறும் காணும் உழவனுக்கு மறுபிறப்பு நம்பத்தகாத ஒன்றன்று. வருண வேறுபாட்டை நியாயப்படுத்த அக்கருத்துப் பயன்பட்டதும் உண்மையே. அதே அத்தியாயம், தீயொழுக்கத்தார் சண்டாளராய்ப் பிறப்பர் என்று கூறத் தவறவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காணப் பழக்குவதே வரலாற்றுக் கல்வி. ராகுல் இரண்டாவதை மட்டும் காட்டுகிறார்.

ஜோர்ஜ் தொம்சன் 1955இல் வெளியிட்ட தம் ஆய்விலே, கிரேக்க மெய்யியலின் அருவச் சிந்தனையைப் பண்ட உற்பத்தியோடும் நாணயப் புழக்கத்தோடும் இயைபுபடுத்தி விளக்கினார். அவரிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு செய்த கைலாசபதியின் வழியாக அந்நோக்கு எமக்கு அறிமுகமானதொன்று. தொம்சனின் இணைப்புகள் சிலவிடங்களில் மிகவும் நேர்கோட்டுத் தன்மையன என்பது எம் கருத்து. என்றாலும், தலேசோ பார்மனிடசோ எவரையும் ஏமாற்றினர் என்று அவர் கூறவில்லை. புதிய வாழ்க்கை முறை புதிய வகையிற் சிந்திப்பதைச் சாத்தியமாக்கிற்று என்பதே அவர் வாதம். பதினாறு வயது மாணவர்க்கு இது கடினமானது என்பாருளர். நாம் உடன்படோம். காசு என்றால் யாது, அதைத் தின்னவோ உடுக்கவோ முடியாதபோது எல்லாப் பொருளுக்கும் அது எவ்வாறு ஈடாகிறது என்று வகுப்பிலே கேட்டுப் பார்த்தோர் அறிவர்.

ராகுலிடமே இதற்கு மாற்று உண்டு என்பது சுவையான செய்தி. கி.பி. 630ஐக் களமாகக் கொண்ட ‘துர்முகன்’ கதையிலே அவர் மூவரைப் பேசவிடுகிறார். முதலில் ஹர்ஷவர்த்தனன் தன்னைப் பற்றித் தானே கூறுகிறான். அடுத்து அவனது அவைப்புலவன் பாணன். ஈற்றில் கசப்பான மெய்யுரைப்பதனால் அப்பெயர் பெற்ற துர்முகன். ஒரே அரசு, ஒரே காலம். ஆனால் அரியணையிலிருந்து காணும் அறமும், அரசனின் கொடையில் வாழ்பவன் காணும் அறமும், இருவரையும் புறத்தே நின்று காண்பவனின் அறமும் வேறுவேறாகின்றன. ஹர்ஷன் பொய் சொல்லவில்லை. தன் கொடைகளை அவன் உண்மையாகவே அறமெனக் கருதுகிறான். அக்கொடைக்கான பொருள் எவர் உழைப்பிலிருந்து வந்தது என்பதைக் காணவியலாத இடத்திலே அவன் அமர்ந்திருக்கிறான். உலகநோக்கு என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதைவிட எளிதாகப் போதித்தல் அரிது. இறுதி வார்த்தை துர்முகனுக்கே வழங்கப்படுகிறது. அவனுடைய குரல் 1942ஆம் ஆண்டின் குரலாக ஒலிப்பதையும் மறுப்பதற்கில்லை. லோபா முதல் துர்முகன் வரை ராகுலுக்கு உவப்பான பாத்திரங்கள் யாவரும் ஒரே பகுத்தறிவை உடையோர். காலம் மாறுகிறது, ஆடை மாறுகிறது, அவர்கள் மட்டும் மாறுவதில்லை. வரலாற்றுப் பொருள்முதல்வாதியின் நூலில் இது ஒரு முரண்நகை.

தமிழ் மாணவருக்கு மேலுமொரு இடர்ப்பாடு உண்டு. வால்காவிலிருந்து கங்கைக்கு வரும் பாதை காவிரிக்கோ கடல் கடந்தோ வருவதில்லை. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. தலைப்பே எல்லையை வகுத்துள்ளது. ஆனால் எல்லாச் சமூகங்களும் ஒரே ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறின என்னும் எண்ணத்தை இந்நூல் வரிசை தோற்றுவிக்கிறது. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய கட்டுரை இவ்விடத்திலே பெருந்துணையாகும். வேட்டை, மேய்ச்சல், உழவு, கடற்றொழில் என்பன ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தொழியாமல் ஒரே காலத்தில் அயலயலே நிலவியதையும், அச்சமனற்ற வளர்ச்சி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் இயல்பாயிருந்ததையும் அவர் காட்டினார். முல்லை நிலத்தான் மருத நிலத்தானின் முன்னோனல்லன், அவன் அண்டைவீட்டான். நவீன உலகத்தையும் மாணவன் இவ்வாறே விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

எனவே இவ்விரு நூல்களையும் ஒதுக்கிவிடுமாறு நாம் கூறவில்லை. தொடக்கமாக அல்லாது இரண்டாம் வாசிப்பாகக் கொள்ளலாம் என்கிறோம். தொடக்கம் அருகிலிருக்க வேண்டும். பூனாவிலே தம் வீட்டு வாசலிலிருந்து நடந்துசென்று காணத்தக்க கற்களையும் சிறுதெய்வங்களையும் கொண்டு பண்டைய இந்தியாவை ஆராய்ந்தவர் கோசாம்பி. எமக்கும் அத்தகைய வாசல்கள் உள. 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில் மனித எலும்புக்கூடுகளும் அவற்றுடன் இடப்பட்ட மட்கலங்களும் வெளிப்பட்டன. எழுத்துப் பொறித்த முத்திரையொன்றும் கிடைத்தது. அம்முத்திரையை எம்மினத்தின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவதிலேயே எம்மிற் பலர் நிறைவடைந்துவிட்டனர். அருகிலிருந்த கலங்களைப் பற்றி எவரும் மாணவரிடம் கேட்பதில்லை. இறந்தவனுக்குக் கலம் எதற்கு? அதை வனைந்தவன் தன் உணவைத் தானே விளைவித்தானா, அல்லது பிறர் விளைவித்ததை உண்டானா? இரும்பு எங்கிருந்து வந்தது? எல்லாப் பிணத்துக்கும் ஒரே எண்ணிக்கையிற் கலங்கள் வைத்தனரா? தாழி வனையுமாறு குயவனை விளித்துப் பாடும் புறநானூற்றுப் பாடலை இதன்பின்னர் வாசிக்கும் வகுப்பு, அதனை அணிநலத்துக்காக மட்டும் வாசிக்காது.

அம்மாணவியின் வினாவுக்கு நாம் விடை கூறவில்லை என்றோம். அவளை அம்மம்மாவிடமே சென்று, விரதத்தை எப்போது தொடங்கினார் என்று கேட்டுவருமாறு பணித்தோம். பரம்பரை பரம்பரையாக வருவது என்ற விடையையே நாமும் எதிர்பார்த்திருந்தோம். மறுவாரம் அவள் கொண்டுவந்த செய்தி வேறு. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மூன்று பிள்ளைகளுடன் தங்கியிருந்த பின்னரே, அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, அம்மம்மா முதன்முதலாக அவ்விரதத்தைப் பிடித்திருக்கிறார். அவருடைய தாயார் பிடித்ததில்லை. வகுப்பு நெடுநேரம் அமைதியாயிருந்தது. பின்னர் ஒரு மாணவன், பிரவாஹனின் காலத்து உழவர்களுக்கும் அவ்வாறு ஏதேனும் நேர்ந்திருக்குமா என்று கேட்டான்.