பாற்குவளையும் அணு உலையும்

அணுவைப் பற்றிப் பேசும் உரிமை அரசியல்வாதிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்குமே உரியதென நெடுங்காலம் கருதப்பட்டு வந்துள்ளது. ஆனால், 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தபொழுது, தொலைநாட்டுப் பெண்களும் அதன் விளைவை அடுக்களையிலே எதிர்கொள்ள நேர்ந்தது. காற்றோடு வந்த அயடீன் 131 புல்லில் வீழ்ந்து, பசுவின் வழியே பாலிற் கலந்து, குழந்தையின் தைரொயிட் சுரப்பியைச் சென்றடைகின்றது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்பது அன்று அரசியல் வினாவாயிற்று.

இவ்வினாவை இலக்கியமாக்கியவர் கிழக்கு ஜேர்மன் எழுத்தாளர் கிறிஸ்ரா வொல்ஃப். 1987இல் வெளிவந்த அவரது ‘விபத்து: ஒரு நாளின் செய்தி’ என்னும் நூலில், மெக்லன்பேர்க் கிராமமொன்றில் வாழும் எழுத்தாளப் பெண்ணொருத்தி ஒரு நாளைக் கழிக்கின்றாள். வானொலி உலை விபத்தை அறிவிக்கின்றது. அதே நாளில் அவளது சகோதரனுக்கு மூளையிலே அறுவைச் சிகிச்சை நடைபெறுகின்றது. உலையை ஆக்கிய விஞ்ஞானமே சகோதரனையும் காக்கின்றது. எனவே, விஞ்ஞானத்தை முற்றாகச் சபித்துவிடும் எளிய வழியை ஆசிரியர் நாடவில்லை. நூலின் நேர்மை இதிலேயே தங்கியுள்ளது.

குண்டு வேறு, மின்சாரம் வேறு என்று நாமும் நம்பியிருந்தோம். 1954இல் ஒப்னின்ஸ்க் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, மக்கள் அரசின் கையில் அணு மக்களுக்கே தொண்டு செய்யும் என்று முற்போக்காளர் பலர் போற்றினர். வொல்ஃப் இவ்வேலியைத் தகர்க்கிறார். லிவமோர் ஆயுத ஆய்வுகூடத்து இளம் விஞ்ஞானிகளையும் வெடித்த உலையையும் ஒரே சிந்தனையில் அவர் இணைக்கிறார். குழந்தை பேணல், சமைத்தல் முதலிய அன்றாட உழைப்பிலிருந்து விலகிய அறிவு எதனை ஆக்கும் என்பதே அவர் கேள்வி.

எனினும், ஓரிடத்தில் அவரோடு நாம் உடன்பட முடியவில்லை. தவற்றின் வேரை மனித இனத்தின் மூளை வளர்ச்சியிலே தேடும்போது, கட்டளையிட்டவர் யார், உண்மையை மறைத்தவர் யார் என்னும் வினாக்கள் மங்கிவிடுகின்றன. பெண் இயல்பிலேயே சமாதானப் பிரியை என்பதும் போதிய விடையாகாது. 1983இல் கிறீன்ஹம் கொமனுக்குக் குறூஸ் ஏவுகணைகள் வந்தபோது பிரித்தானியப் பிரதமராயிருந்தவர் மாகிறற் தாட்சர். தளத்தின் வாயிலிலே முகாமிட்டு எதிர்த்தோரும் பெண்களே. ஆகவே, பிறப்பு இங்கு அளவுகோலாகாது. எவருடைய உழைப்பும் உடலும் விலையாகின்றன, எவர் முடிவெடுக்கின்றனர் என்பதே அளவுகோல்.

வொல்ஃபின் நாயகி தனித்தே சிந்திக்கிறாள். யப்பானிலோ, 1954 மார்ச் 1இல் பிகினித் தீவிலே வெடித்த ஐதரசன் குண்டு மீனவரைச் சுட்டு, மீனையும் நஞ்சாக்கியபின், ரோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் வாசகர் வட்டமொன்றிற் கூடிய இல்லத்தரசிகள் கையொப்பம் திரட்டப் புறப்பட்டனர். 1955 ஓகஸ்டில் ஹிரோஷிமாவில் உலக மாநாடு கூடியபோது நாடெங்கும் திரண்ட கையொப்பங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. அடுக்களையின் அச்சம் வாசிப்பின் மூலம் அறிவாகி, அறிவு இயக்கமான வரலாறு இது. வொல்ஃபின் நூல் அச்சத்தை அறிவாக்குகின்றது. அதனை இயக்கமாக்குவது வாசகர் கடன்.