ரூம் கரெக்‌ஷன்: எதுவரை நம்பலாம்?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு சிறிய மைக்கும் வருகிறது. அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்தால் ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகச் சோதனை ஒலி எழுப்பும். அறை அந்த ஒலியை எப்படி மாற்றுகிறது என்று கணித்து, ஆடிஸி, டிராக் போன்ற மென்பொருள்கள் அதை ஈடுகட்டும். இதுதான் ரூம் கரெக்‌ஷன். ஒலியைத் தொடவே கூடாது என்று இதை ஒதுக்கும் இசைப்பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் வீடுகளுக்கு இது தேவை. ஆனால் அதன் அதிகாரம் சுமார் 300 ஹெர்ட்ஸோடு நின்றுவிட வேண்டும்.

காரணம் நம் சுவர்கள். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர் தானும் அதிர்ந்து பேஸை ஓரளவு உறிஞ்சிவிடும். நம் வீடுகளின் செங்கல்லும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பி அனுப்புகின்றன. 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 80, 120லும் நிலை அலைகள் எழும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் ஏறி இறங்கும்போது ஒரு சுரம் வீங்கி அடுத்தது காணாமல் போவது இதனால்தான். மிருதங்கத் தொப்பியின் கும்கி வழுக்கிப் போகாமல் ஓரிடத்தில் தேங்கி நிற்கும். திரைச்சீலையால் இதை ஒன்றும் செய்ய முடியாது. 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் எட்டரை மீட்டர். மென்பொருளோ அந்த வீக்கத்தை அழகாக வெட்டுகிறது, கூடவே அந்தச் சுரம் இழுபடுவதும் குறைகிறது. கேட்டவர்கள் திரும்பவும் அணைக்க மாட்டார்கள்.

ஆனால் சுரம் காணாமல் போகும் பள்ளங்களை மென்பொருளால் நிரப்ப முடியாது. எதிரொலி வந்து நேரொலியை அழிக்கும் இடம் அது. கூட்டினால் அழிவும் கூடும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபையரிடம் பத்து மடங்கு திறன் கேட்க வேண்டும். சப்வூஃபரை இரண்டடி நகர்த்திப் பார்ப்பது மேல்.

300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் என் எதிர்ப்பு. நேரொலியையும் சுவரில் பட்டு வருவதையும் காது பிரித்தறிகிறது; மைக் இரண்டையும் கூட்டித் தரும் ஒற்றை வரைபடக் கோட்டில் அந்தப் பிரிவினை இல்லை. அந்தக் கோட்டை நேராக்கப் போய் நல்ல ஸ்பீக்கரின் நேரொலியைக் கெடுக்கிறோம் என்று ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் நெடுங்காலமாக எச்சரித்துவருகிறார். 2009இல் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் நடத்திய கேட்புச் சோதனையில் சில திருத்தங்கள் திருத்தாத ஒலியை வெல்லவில்லை. ஹார்மனின் சொந்தத் தயாரிப்புகளும் அதில் போட்டியிட்டன என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முடிவு டூலின் வாதத்தோடு பொருந்துகிறது. டைல்ஸ் தரையிலும் வெற்றுச் சுவரிலும் கைதட்டினால் கேட்கும் கணகணப்பை எந்த வடிகட்டியும் போக்காது. அதற்குக் கம்பளம், கனத்த திரை, புத்தக அலமாரி வேண்டும்.

ஆடிஸி வழக்கமாக முழு வீச்சையும் திருத்திவிடும். பல ரிசீவர்களில் எல்லை வகுக்கத் தனியாகக் காசு கொடுத்துச் செயலி வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வசதி ரிசீவரிலேயே இருந்திருக்க வேண்டும். டிராக்கில் குறைந்த விலை உரிமம் 500 ஹெர்ட்ஸ் வரைதான் திருத்தும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். மிச்சப் பணத்தில் கம்பளம் வாங்கலாம்.