நூலும் கல்லும்

தறிக்கூடத்தில் கை தட்டினால் சத்தம் திரும்பி வராது. அனகாபுத்தூரில் கைத்தறி ஓடும் வீடுகளில் இதைக் கேட்கலாம். பாவு, நூற்கண்டுகள், மடித்து அடுக்கிய சேலைகள் எல்லாம் சேர்ந்து ஓசையைக் குடித்துவிடும். ஒரு காலத்தில் நைஜீரியா வரை போன மெட்ராஸ் கட்டத் துணிக்கும், பின்னாளில் வாழைநார்ச் சேலைக்கும் பேர் வாங்கிய ஊர் இது. இங்கே நாடா ஓடும் ஓசை ‘டக்’கென்று பிறந்து அங்கேயே அடங்கும்.

சில கிலோமீட்டர் தள்ளி, பல்லாவரத்துப் பஞ்ச பாண்டவர் மலையில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இருக்கிறது. இன்று அது தர்கா. அங்கே எல்லாம் கல். கருங்கல் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். மற்றதைத் திருப்பி அனுப்பும்.

ஒரு பாட்டை மிக்ஸ் செய்பவர், ஒலிக்கு ஓர் அறையின் வெளியைச் சேர்க்கும் ரிவர்ப் பிளகினைக் கணினியில் திறக்கும்போது, இந்தத் தறிக்கூடத்துக்கும் அந்தக் குகைக்கும் நடுவே எங்கே நிற்பது என்றுதான் தேடுகிறார்.

பாடப்புத்தகத் தமிழில் ரிவர்புக்கு எதிர்முழக்கம் என்று பெயர். எதிரொலி வேறு. ஆடி மாதம் அனகாபுத்தூர்த் தெருக்களில் நின்றால் வித்தியாசம் புரியும். அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர்கள் மூன்று தெருக்களில் கட்டியிருக்கும். சென்னை வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் கால் விநாடிக்கும் சற்று அதிகமாகப் பிந்தி வரும். எல்.ஆர். ஈஸ்வரி பாடும் ஒரே சொல் மூன்று முறை தனித்தனியாகக் காதில் விழும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் இப்படித்தான் தனித்துக் கேட்கும். அப்படி ஆயிரக்கணக்கில் வந்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாமல் நெருங்கி, ஒரே வாலாக நீண்டு தேய்ந்தால் எதிர்முழக்கம்.

அந்த வாலை முதலில் அளந்தவர் கையில் எடுத்ததும் துணிப் பொருளைத்தான். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்று 1895இல் இளம் பேராசிரியர் வாலஸ் சபைனிடம் பொறுப்பு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஓசை எப்போது காதுக்கு எட்டாமல் போகிறது என்று குறித்துக்கொண்டார். காலி அரங்கில் ஐந்தரை விநாடி நின்ற ஓசை, மெத்தைகள் நிரம்ப நிரம்ப ஒரு விநாடிச் சொச்சத்துக்கு இறங்கியது. இத்தனை துணிக்கு இத்தனை மௌனம் என்று அவர் வகுத்த கணக்கு 1900இல் பாஸ்டன் சிம்பனி அரங்கமாக எழுந்தது. இன்றைய பிளகினில் ‘டீகே’ என்று ஒரு திருகு இருக்கிறதே, அது சபைன் அளந்த நேரம். ‘டாம்பிங்’ என்பது அவர் தூக்கிவந்த மெத்தை.

அரங்கம் இல்லாத இடத்தில் அரங்கத்தை உண்டாக்கும் ஆசை அடுத்து வந்தது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம் ஒரு மவுத் ஆர்கன் குழுவின் பதிவை, ஸ்டுடியோவின் குளியலறையில் ஒலிக்கவிட்டு மறுபடி மைக்கில் பிடித்தார். 1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு மீட்டர் எஃகுத் தகட்டைச் சட்டத்தில் கட்டி அதிரவிட்டது. பெட்டி சுமார் 270 கிலோ. பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் இந்த வேலையையே கணிதமாக்கிக் காட்டினார். 1978இல் லெக்சிகன் 224 அந்தக் கணிதத்தை ஸ்டுடியோ மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று 50 டாலர் பிளகின் ஒன்று, அந்தக் காலத்துக் கருவிகளின் வாசனையோடு மடிக்கணினியில் ஓடுகிறது.

கருவி மலிந்துவிட்டது. ரசனை மலியவில்லை. கேசட் காலத்துப் பக்திப் பாடல்கள் பலவற்றில் குரலைக் குளத்தில் முக்கி எடுத்ததுபோல இருக்கும்; தெய்வீகம் வேண்டும் என்ற நல்ல எண்ணம், சொல்லைத் தின்றுவிட்டது. தமிழுக்கு இது பெரிய இழப்பு. வல்லினத்தின் வெடிப்பும் ழகரத்தின் வளைவும் வாலுக்குள் மூழ்கினால் பாட்டில் மிஞ்சுவது உயிரெழுத்து மட்டும். நல்ல கைகள் இதற்கு ‘ப்ரீ-டிலே’யை நம்புகின்றன. குரலுக்கும் வாலின் தொடக்கத்துக்கும் நடுவே 30, 40 மில்லி விநாடி விட்டால், மெய்யெழுத்து உலர்ந்தபடி காதைச் சேர்ந்துவிடும். மண்டபம் அதன் பின்னால் திறக்கும். பாடகி அருகில் நிற்கிறார், சுவர்கள் தொலைவில் இருக்கின்றன என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இன்னொரு வழக்கம் இருந்தது. எதிரொலி அறைக்கு ஒலியை அனுப்புமுன் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுவார்கள். அடித்தொனியின் குழப்பமும் சகரத்தின் சீறலும் வாலில் சேராது.

கர்நாடக இசையை மிக்ஸ் செய்வதுதான் கடினமான சோதனை. பிருகா விரையும்போது விநாடிக்கு எட்டு, பத்து ஸ்வரம் உதிரும். இரண்டு விநாடி வாலை வைத்தால் அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, கமகம் கறையாகிவிடும். தேவாலயத்தின் மெதுவான கூட்டுப்பாடலுக்குப் பொருந்தும் வெளி காம்போதி ஆலாபனைக்குப் பொருந்தாது. தவிர, இந்த இசை தன் வெளியைத் தானே சுமந்து வருகிறது. தம்புராவின் நான்கு தந்திகளும் குதிரைமேல் உரசிப் பரப்பும் அந்த ரீங்காரம் பாடுகிறவருக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் மண்டபம் அல்லவா? அதை எழுப்புவது தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஒரு சிறு நூல். ஜீவா என்று பேர். ஒரு மயிரிழை நகர்த்தினால் தந்தி ஊமையாகும், இன்னொரு மயிரிழையில் உயிர்க்கும். அரங்கில் ஓசையைக் கொல்லும் நூல், தம்புராவில் அதற்கு உயிர் கொடுக்கிறது. தம்புரா நன்றாகப் பதிவான கச்சேரிக்கு ஒரு விநாடிக்குள் முடியும், இருண்ட, அடக்கமான ரிவர்ப் போதும்.

திரையிசையில் நியாயம் வேறு. அங்கே வெளிதான் கதை சொல்ல வேண்டும். 1992இல் கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டுடியோவிலிருந்து ஏ.ஆர். ரஹ்மான் ‘ரோஜா’வைக் கொடுத்தபோது, அதன் பனிமலை டூயட்டில் குரல்களைச் சுற்றியிருந்த குளிர்ந்த அகலம் தமிழ்க் காதுக்குப் புதிது. அவரோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர். 2008இல் மறைந்தார். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ பாடல்களை ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லா வாத்தியமும் ஒரே கூடத்தில் அடைபடவில்லை என்பது தெரியும். ஒன்று காதோரம் வறண்டு நிற்கும், இன்னொன்று வெகு தொலைவில் கரையும். அந்தத் தொலைவு வித்தியாசம்தான் ஆழம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ரிவர்ப் ஊற்றினால் வெளி வராது, மூட்டம்தான் வரும்.

இப்போது இடத்தையே பெயர்த்து எடுத்துவரும் பிளகின்கள் உண்டு. ஓரிடத்தில் ஒரு வெடியோசை எழுப்பி, அது தேயும் விதத்தைப் பதிந்துகொண்டால், எந்தக் குரலையும் பிறகு அந்த இடத்துக்குள் அனுப்பலாம். 2010இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் பலூன் உடைத்து அப்படிப் பதிந்தார்கள். வால் பத்து விநாடிக்கும் மேல். கப்பெல்லா ரோமானா பாடகர் குழுவினர் கலிபோர்னியாவில் நின்றபடியே அந்தக் குவிமாடத்தின்கீழ் பாடினார்கள். 2019இல் இசைத்தட்டு வந்தது.

பல்லாவரம் குகைக்கும் ஒரு பலூன் போதும். தர்காவில் தொழுவோரின் இசைவு வேண்டும், இரண்டு மைக் வேண்டும், மீனம்பாக்கத்தில் விமானம் எதுவும் ஏறி இறங்காத இருபது விநாடி வேண்டும். பிறகு அனகாபுத்தூரின் ஒரு பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலைச் சாத்தி, சுவரெல்லாம் பழைய சேலைகளைத் தொங்கவிட்டுப் பாடும் குரலை, மகேந்திரவர்மன் குடைந்த கல்லுக்குள் நிறுத்திக் கேட்கலாம்.