785 என்ஜின்களும் ஒரு பியரிங்கும்

2014 பிப்ரவரியில் போர்ஷே நிறுவனம், புதிய 911 ஜிடி3 காரை வாங்கியிருந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டது: காரை ஓட்ட வேண்டாம், நாங்களே வந்து எடுத்துப்போகிறோம். ஐரோப்பாவில் இரண்டு கார்களில் என்ஜின் உடைந்து தீப்பற்றியிருந்தது. யாருக்கும் காயமில்லை. உலகம் முழுவதும் அந்த மாடலில் அப்போது இருந்தவை 785. அடுத்த மாதமே காரணம் தெரிந்துவிட்டது. கனெக்டிங் ராடைப் பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. விடுபட்ட ராட் கிராங்க் கேஸை உடைத்திருக்கிறது. அங்கிருந்து கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது. திருகை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கும். போர்ஷே 785 கார்களிலும் என்ஜினையே மாற்றியது.

ஒரு நிறுவனம் தன் பிழையை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறார்கள். காட்டத்தக்கதுதான். ஆனால் இதே நிறுவனத்தின் இன்னொரு என்ஜின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ரீகால் என்ற ஏற்பாடு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பது விளங்கும்.

1996இல் வந்த பாக்ஸ்டரிலும், அதைத் தொடர்ந்து 996 என்ற உள்பெயரோடு வந்த 911இலும் போர்ஷே தண்ணீரால் குளிரும் புதிய என்ஜினைப் பொருத்தியது. கேம்ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக அதில் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பால் பியரிங். இரண்டு பக்கமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்து வந்தது அது. சீல் தேய்ந்தால் என்ஜின் ஆயில் உள்ளே புகும், கிரீஸ் கரையும். சீல் இருப்பதாலேயே நல்ல ஆயில் தாராளமாகப் போய்வராது. பியரிங் நொறுங்கினால் தண்டு ஆடும், செயின் நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அத்தோடு என்ஜின் முடிந்தது. பெரும்பாலும் முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. பழைய காராகிவிட்ட பிறகு, புது என்ஜின் போடும் செலவு காரின் விலையையே தொட்டுவிடும்.

இதற்கு ரீகால் வரவே இல்லை. புகார்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தன. கடைசியில் அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல் சமரசம் ஏற்பட்டது. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு மட்டும் இழப்பீடு. அதுவும் முதல் விற்பனையிலிருந்து பத்து ஆண்டு, 1,30,000 மைல் என்ற வரம்புக்குள். அந்த ஆண்டுகளில் பொருத்திய ஒற்றை வரிசை பியரிங்குகளில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு பழுதாகின்றன, முந்தைய இரட்டை வரிசைப் பியரிங்கில் அது ஒன்றுக்கும் கீழே என்பது அந்த வழக்கை ஒட்டி இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு.

இரண்டு கார்கள் எரிந்ததற்கு 785 என்ஜின்கள். நூற்றுக்கு எட்டு என்ஜின் செத்ததற்கு ஒன்றுமில்லை. இது அநியாயமாகப் படும். சட்டப்படி அநியாயமில்லை.

அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு நியாயமற்ற ஆபத்து விளைவிக்கும் குறையைத்தான் கணக்கில் எடுக்கிறது. திடீரென உடையும் ஸ்டியரிங் பாகம், கசியும் பெட்ரோல், சிக்கிக்கொள்ளும் ஆக்ஸிலரேட்டர் எல்லாம் உள்ளே. ஏசி வேலை செய்யாதது, பெயிண்ட் உரிவது, அளவுக்கு மீறி ஆயில் குடிப்பது, சாதாரணத் தேய்மானம் எல்லாம் வெளியே. உரிமையாளருக்கு எவ்வளவு நட்டம் என்பது கேள்வியே இல்லை. பழுது எந்த விதமாக நிகழ்கிறது என்பதுதான் கேள்வி. தீ என்றால் கதவு திறக்கும்; ஓசையின்றி நின்றுபோனால் திறக்காது.

இந்தக் கோட்டை நான் குறைசொல்ல மாட்டேன். செலவு வைக்கும் ஒவ்வொரு பழுதுக்கும் ரீகால் கடிதம் போகத் தொடங்கினால், கேஸ் கம்பெனி நோட்டீஸ் மாதிரி அதையும் பிரிக்காமலே போட்டுவிடுவார்கள். இப்போதே கடிதம் கிடைத்தும் காரைக் கொண்டுபோகாதவர்கள் நிறையப் பேர். அந்தக் கடிதத்தின் பலமே அது அரிதாக வருவதுதான். பிழை கோட்டில் இல்லை, அதை எங்கே போடுவது என்று முதலில் முடிவுசெய்பவர் யார் என்பதில் இருக்கிறது. நெடுஞ்சாலையின் வேகமான தடத்தில் போகும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி சில மிதிகளில் தீர்ந்துபோகும், பின்னால் வருபவனுக்கு எதுவும் தெரியாது. இது பாதுகாப்பா, வெறும் பழுதா? இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாட இடமிருக்கும் இடத்தில், முதல் தீர்ப்பைத் தயாரிப்பாளரே எழுதுகிறார்.

அந்தத் தீர்ப்பைத் திருத்தப் புகார்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் புகார் என்பது விசித்திரமான சரக்கு. லட்சக்கணக்கில் விற்கும் குடும்பக் காரில் ஒரு பாகம் சரியில்லை என்றால் புகார் குவியும், எண்ணே பேசிவிடும். சில ஆயிரம் மட்டும் விற்று, வருடத்தில் பெரும்பாலான நாள் உறையிட்டு ஷெட்டில் நிற்கும் காரில் அந்த எண் எப்போது சேரும்? அதோடு, புகார் செய்பவர் தன் சொத்தின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறார். இந்த மாடலில் என்ஜின் போகிறது என்று ஊர் பேசத் தொடங்கினால் முதலில் விழுவது அவர் காரின் மறுவிற்பனை விலை. விற்கும் எண்ணத்தில் இருப்பவர் வாயைத் திறக்க மாட்டார். வாங்க வருபவர்தான் துருவித் துருவிக் கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய காரை ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் விற்கிறார்கள். பழுதானால், டிராக்கில் ஓட்டினாயா என்று கேட்கிறார்கள். போர்ஷே காரின் கணினி, என்ஜின் எல்லை தாண்டிச் சுழன்ற தருணங்களைப் படிநிலை வாரியாகப் பதிந்து வைக்கிறது. தவறான கியரில் இறக்கி என்ஜினைக் கெடுத்தவனைப் பிடிக்க அது நியாயமான சாட்சி. ஆனால் பதிவைப் படிப்பதும் பொருள் சொல்வதும் தயாரிப்பாளரின் ஆள்தான்.

மறுபடி ஜிடி3க்கு வருகிறேன், ஏனென்றால் கதை 785 என்ஜின்களோடு முடியவில்லை. 9,000 சுற்று வரை சீறும் அந்த 3.8 லிட்டர் என்ஜினில், பிற்பாடு இன்னொரு தொல்லை தலைகாட்டியது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விரல்போல் இருக்கும் சிறு நெம்புகோல்கள் தேய்ந்தன. உச்ச வேகத்தில் என்ஜின் திக்கியது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தீ இல்லை, ஆபத்து இல்லை. ஆகவே ரீகாலும் இல்லை. இந்த முறை போர்ஷே அந்த மாடலின் என்ஜின் வாரண்டியைப் பத்து ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டித்தது. கார் கைமாறினாலும் என்ஜினுக்குக் கவலையில்லை என்றான பிறகு, புகாரின் சூடு தணிந்தது.

என் கணிப்பில் 785 என்ஜின்களைவிட முக்கியமானது இந்த இரண்டாவது முடிவு. உயிர் போகும் என்றால் ரீகால், இல்லையென்றால் நீதிமன்றம் என்று இரண்டே வழி இருக்கும்போது நடுவில் விழுபவர்கள்தான் அதிகம். 996 பியரிங்குக்கு 2005 வாக்கில் இப்படி ஒரு நீட்டிப்பு கிடைத்திருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் நீட்டிப்பிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ரீகாலுக்கு அரசின் மேற்பார்வை உண்டு. எத்தனை கார்கள் சரிசெய்யப்பட்டன என்று கணக்குக் காட்ட வேண்டும். நீட்டிப்பு நிறுவனம் மனமுவந்து தருவது. அதிலும் பாகம் பழுதாகும்வரை காத்திருக்க வேண்டும், முன்கூட்டி யாரும் மாற்றித்தர மாட்டார்கள்.

மாற்றித்தருவதே எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2018இல் சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86 இரட்டையர்களின் 2013 மாடல்கள் வால்வு ஸ்பிரிங்குக்காக ரீகால் ஆயின. ஸ்பிரிங் சின்னது. அதைத் தொட என்ஜினையே வெளியே இறக்கிப் பிரித்து, மீண்டும் சீலன்ட் பூசி ஒட்ட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சில கார்களில் வேலை முடிந்து வந்த பிறகு என்ஜின் கெட்டது. அதிகம் பூசிய சீலன்ட் ஆயில் வழியை அடைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து வழக்கும் ஆனது. 2010இல் ஃபெராரி 458 தீப்பிடித்தபோது காரணம் பின்சக்கர வளைவின் வெப்பத்தடுப்பை ஒட்டியிருந்த பசை. 1,248 கார்களில் பசைக்குப் பதில் உலோகப் பிணைப்பு போட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது. மருத்துவம் எளிதாக இருந்தால் ரீகால் அற்புதம். என்ஜினின் வயிற்றைக் கிழித்துச் செய்ய வேண்டியதை, டீலர் ஒர்க்‌ஷாப்பில் மணிக்கணக்குப் பார்த்து வேலைசெய்யும் மெக்கானிக்கிடம் விடும்போது அந்த ஆபத்து யார் கணக்கில் ஏறுகிறது?

இந்தியாவிலும் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. குறிப்பிட்ட விகிதத்தில் உரிமையாளர்கள் ஒரே குறையைத் தெரிவித்தால் என்பது அங்கே ஒரு நிபந்தனை. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டி என்பது இன்னொன்று. 996 பியரிங் மாதிரியான நோய் எட்டாவது, பத்தாவது ஆண்டில் வந்தால் இந்த விதிகளுக்கு அது கண்ணிலேயே படாது. நம் சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் குறைவு என்பதால் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் பத்து வருடக் காரை ஆசையாகப் பார்த்துக்கொள்பவர் நம்மூரில் யார் என்று கேட்டால், பழைய மாருதி வைத்திருப்பவரும்தான்.

அமெரிக்காவில் அந்த பியரிங்கைச் சுற்றி ஒரு சிறு தொழிலே உருவாகிவிட்டது. வெளிநிறுவனங்கள் வலுவான மாற்றுப் பியரிங்கை விற்கின்றன. கிளட்ச் மாற்றும்போதே அதையும் போட்டுவிடுவது மெக்கானிக்குகளின் வழக்கம், கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்கியிருக்கும். இன்று 996 விற்பவர்கள் விளம்பரத்தில் கிலோமீட்டருக்கும் நிறத்துக்கும் பக்கத்திலேயே பியரிங் மாற்றியாயிற்று, ரசீது உண்டு என்று சேர்த்து எழுதுகிறார்கள். அந்த ரசீது இல்லாவிட்டால் பேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.