புகழின் பெயர்ப்பட்டியலும் பாடசாலையின் வாசலும்

நியூயோர்க் நகரத்தின் லா குவார்டியா கலைப் பாடசாலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே விதமாகவே தொடங்குகின்றனர். அங்கே பயின்றோர் என்று ஒரு பெயர்ப்பட்டியல் முதலில் வரும். அல் பசினோ, லைசா மினெல்லி, ஜெனிபர் அனிஸ்ரன், சுசான் வேகா; இன்றைய இளைஞருக்கென நிக்கி மினாஜ், திமோத்தி சலமே. பட்டியலைப் படித்து முடித்த வாசகன் பாடசாலையை அறிந்துகொண்டதாக எண்ணிவிடுகிறான். உண்மையில் அவன் அறிந்தது, அங்கிருந்து வெளியேறிய பல்லாயிரவருள் ஒரு சிலரைச் சந்தை விலைகொடுத்து வாங்கிற்று என்பதொன்றே.

அல் பசினோவையே எடுத்துக்கொள்வோம். அவர் அப்பாடசாலையில் படிப்பை முடித்தவரல்லர். இடையிலே விலகி, கடிதங் கொண்டுசெல்லும் ஏவலாளாகவும் திரையரங்கில் இருக்கை காட்டுபவராகவும் வேலைசெய்து வயிறு வளர்த்தவர். பட்டியலுக்கு அது ஒரு பொருட்டன்று. வென்றவர் ஓராண்டே இருந்திருப்பினும் 'எமது பழைய மாணவர்' ஆகிவிடுகிறார். நான்காண்டும் இருந்து கற்று, பின்னர் ஏதோவொரு நகர்ப்புறப் பாடசாலையில் சிறுவர்க்கு வயலின் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அரசினர் செலவில், கட்டணமின்றி, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் நாடகமும் ஓவியமும் கற்பிக்கும் ஒரு பொது நிறுவனத்தை இவ்வாறு அளப்பது, பொதுப் பணத்தை ஒரு பரிசுச்சீட்டாகக் கருதுவதாகும். விழுந்த பரிசு எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். சீட்டு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பதில்லை.

பாடசாலையின் தோற்றம் இத்தகைய மனோபாவத்திற் பிறந்ததன்று. இன்றைய லா குவார்டியா பாடசாலை இரண்டு பாடசாலைகளின் சேர்க்கை. முதலாவதான இசை - ஓவியப் பாடசாலை 1936ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பொருளாதார மந்தம் அமெரிக்காவை உலுக்கிய காலம் அது. வேலையற்ற எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் நாடகக்காரருக்கும் அரசாங்கமே கூலி கொடுத்து வேலைசெய்விக்கும் திட்டங்கள் 1935இல் தொடங்கியிருந்தன. கலைஞனும் பசிக்கும் மனிதன் என்பதை ஒரு முதலாளித்துவ அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்த அபூர்வமான சில ஆண்டுகள் அவை. நகரபிதாவாக விளங்கிய பியோரெல்லோ லா குவார்டியா, இத்தாலியிலிருந்து குடியேறி இராணுவ வாத்தியக் குழுவை நடத்திய ஒருவரின் மைந்தர். திறமையுள்ள பிள்ளைக்கு இசையும் ஓவியமும் கற்பிப்பது நகரசபையின் கடமை என்று அவர் கருதினார். ஹார்லெத்தை அடுத்த மேட்டுநிலத்தில் அப்பாடசாலை திறக்கப்பட்டது.

முதல் வகுப்பிற் சேர்ந்தவருள் ஒருவர் அல் ஜாபி. இளமையிற் பல ஆண்டுகளை லித்துவேனியாவில் வறுமையிற் கழித்து, 1933இல் அமெரிக்கா மீண்ட யூதச் சிறுவன். அவர் தெரிவுசெய்யப்பட்ட விதம் இன்று கதைபோலத் தோன்றும். அவர் படித்துக்கொண்டிருந்த சாதாரணப் பாடசாலையில் மாணவரை ஓர் அறையில் இருத்தி, ஏதேனும் படம் வரையுமாறு கூறினர். ஜாபி தாம் விட்டுவந்த லித்துவேனியச் சிற்றூரின் சதுக்கத்தை வரைந்தார். அவரும் இன்னொரு பையனும் அதிபரின் அறைக்கு அழைக்கப்பட்டனர். தண்டனைக்கே அழைக்கிறார்கள் என்று அஞ்சியவர்களுக்குப் புதிய பாடசாலையில் இடங் கிடைத்தது. அந்த இன்னொரு பையனே பிற்காலத்தில் வில் எல்டர் என்ற பெயரால் அறியப்பட்ட சித்திரக்காரர். அதே பாடசாலையிற் பயின்ற ஹார்வி கேட்ஸ்மன் 1952இல் 'மாட்' என்ற நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கியபோது எல்டர் அதன் முதற் சித்திரக்காரருள் ஒருவரானார். ஜாபி சில ஆண்டுகளின் பின் வந்து சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அதில் வரைந்து, 2023இல் 102ஆவது வயதிற் காலமானார். விளம்பரங்களையும் அரசியல்வாதிகளின் வாய்ப்பந்தலையும் பார்த்துச் சிரிக்க அமெரிக்கச் சிறுவர் ஒரு தலைமுறையினருக்குக் கற்பித்த ஏடு அது. நட்சத்திரப் பட்டியல் எழுதுவோர் இவர்களை எளிதில் மறந்துவிடுகின்றனர். என்னைக் கேட்டால், அப்பாடசாலையின் முதற் பெருமை இவர்களே.

இச்சம்பவத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது யாதெனில், ஜாபி விண்ணப்பம் அனுப்பவில்லை. பயிற்சி பெற்றுக்கொண்டு தேர்வுக்குச் செல்லவில்லை. பாடசாலையே அவரைத் தேடி வகுப்பறைக்குச் சென்றது.

இரண்டாவது பாடசாலையின் வரலாறு இன்னும் சுவையானது. 1940களின் இறுதியில், தொழிற்கல்விப் பாடசாலையொன்றின் அதிபராயிருந்த பிராங்கிளின் கெல்லர் என்பவர், நடிப்பும் நடனமும் இசையும் தச்சுவேலை போலவே தொழில்கள்; ஆதலின் அவற்றுக்கும் தொழிற்கல்வி வேண்டும் என்று வாதாடினார். அவருடைய தொழிற் பாடசாலையின் ஒரு கிளையாகவே, 46ஆம் தெருவிலிருந்த ஒரு பழங் கட்டடத்தில், அரங்கக் கலைப் பாடசாலை பிறந்தது. நாளின் ஒரு பகுதி பொதுப்பாடம், மறு பகுதி தொழில். கலை என்பது தெய்வம் சிலர் நாவில் எழுதிச்சென்ற வரம் என்ற பழங்கொள்கையை இதனினும் நன்றாக மறுக்கவொண்ணாது. கலைஞனை உழைப்பாளர் வரிசையில் நிறுத்தியமைதான் கெல்லரின் சாதனை. இவ்விரு பாடசாலைகளும் 1961இல் நிர்வாக அளவில் இணைக்கப்பட்டு, 1984இல் லிங்கன் நிலையத்தின் அருகே ஒரே கட்டடத்துக்குக் குடிபுகுந்தன. (அந்த லிங்கன் நிலையம் எழுந்த நிலத்தில் முன்னர் கறுப்பினத்தவரும் புவேட்டோ றிக்கோவினரும் செறிந்து வாழ்ந்தனர் என்பதும், 7,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டன என்பதும் வேறொரு கட்டுரைக்குரிய செய்தி.)

தொழிற் பாடசாலையாகப் பிறந்த இந்நிறுவனத்தை உலகம் அறிந்ததோ 'புகழ்' என்னும் பொருள்படும் 'ஃபேம்' என்ற திரைப்படத்தின் வாயிலாக. 1980இல் வெளிவந்த அப்படத்தை நெறிப்படுத்தியவர் ஆங்கிலேயரான அலன் பாக்கர். இசைக்கும் பாடலுக்குமாக இரண்டு ஒஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. தன் பாடசாலையினுள் அப்படத்தை எடுக்க நகரக் கல்விச் சபை அனுமதி மறுத்தது. சபையினரின் அச்சம் கதையுரையிலிருந்த கொச்சைச் சொற்களைப் பற்றியது. அஞ்சவேண்டியது அதன் தலைப்பைப் பற்றியே என்பது எனது எண்ணம்.

படத்தை நான் முற்றாக வெறுப்பவனல்லன். தெருவில் வாகனங்களை மறித்து மாணவர் கூத்தாடும் காட்சியைப் பலரும் நினைவிற் கொள்கின்றனர். அது வெறும் திருவிழா. ஆனால் படத்தினுள்ளே இன்னொரு படம் ஒளிந்திருக்கிறது. நடனப் பிரிவிலிருந்து விலக்கப்பட்ட மாணவி லீசா, சுரங்க ரயில் நிலையத்தின் மேடை ஓரத்தில் நிற்கிறாள். பாய்ந்துவிடுவாளோ என்று நாம் நடுங்கும்போது, தன் நடன உடைகளைத் தண்டவாளத்தில் எறிந்துவிட்டுத் திரும்புகிறாள். அனைவரும் பொறாமைப்பட்ட மூத்த மாணவன் மைக்கல், புலமைப்பரிசு பெற்றுப் புறப்பட்டவன், சில காலத்தின் பின் உணவகத்திற் பரிமாறுபவனாகக் காணப்படுகிறான். நெறியாளன் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் கயவனொருவன், பாடகி கோக்கோவை ஒளிப்படக் கருவியின் முன் ஆடை களையச் செய்து அழவைக்கிறான். புகழின் உற்பத்திச் செலவு என்ன என்பதை இக்காட்சிகள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. நெறியாளர் இக்கணக்கை முடிக்கவில்லை. பட்டமளிப்பு விழாவின் கூட்டுப்பாடலை உரக்க எழுப்பி, கேள்விகளை அதன் ஓசையில் மூழ்கடித்துவிடுகிறார். எழுப்பிய கேள்விக்கு விடை தேடாது உணர்ச்சிப் பெருக்கில் முடிக்கும் இம்முறை நமது வாசகர்க்குப் புதிதன்று.

லீறோய் என்ற பாத்திரம் தனியே ஆராய்தற்குரியது. தோழியொருத்திக்குத் துணையாகத் தேர்வறைக்கு வரும் கறுப்பின இளைஞன் அவன். தேர்வெழுத வந்தவள் தள்ளப்பட, துணைக்கு வந்தவன் சேர்த்துக்கொள்ளப்படுகிறான். அவனுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆங்கில ஆசிரியை அவனை வகுப்பில் வாட்டுகிறாள். இவ்விருவருக்குமிடையே நிகழும் போராட்டமே படத்தின் உயிர்நிலை எனலாம். இப்பாத்திரத்தை நடித்த ஜீன் அந்தனி றே உண்மையிலேயே அதே பாடசாலையில் ஓராண்டு படித்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். பின்னர் 1982 முதல் 1987 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரிலும் அவரே லீறோயாக நடித்தார். ஆக, எந்த முகத்தால் அப்பாடசாலையை உலகம் அடையாளங்கண்டதோ அந்த முகம் அப்பாடசாலை ஓராண்டுக்குமேல் வைத்திருக்காத இளைஞனுடையது. அவர் 2003இல், 41ஆவது வயதில் இறந்தார். பாடசாலையைக் குற்றஞ்சாட்ட இதனைக் கூறவில்லை. கட்டுப்பாடின்றி நடனம் கற்பிக்க எவராலும் இயலாது. ஆயினும் திரையில் லீறோய்க்காக ஆசிரியை மனம் நெகிழ்வதைக் கண்டு கண்ணீர் வடித்தவர்கள், திரைக்கு வெளியேயிருந்த லீறோய்மார் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இங்கேதான் வாசலைப் பற்றிய கேள்வி எழுகிறது. 1975ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரசபை கடனில் மூழ்கி வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தது. கடன் கொடுத்தோரின் மனம் குளிர, ஆயிரக்கணக்கான ஆசிரியர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். இத்தகைய வேளைகளில் எங்கும் நிகழ்வதுபோல, சங்கீத ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் முதலிற் பலியாயினர். ஆரம்பப் பாடசாலைகளில் வாத்தியங்கள் அலுமாரிக்குள் அடைபட்டன. மேலே லா குவார்டியா பாடசாலை மூடப்படவில்லை. அதன் புகழும் குறையவில்லை. வீட்டின் மேல்மாடியை அப்படியே வைத்துக்கொண்டு கீழிருந்து படிக்கட்டைப் பெயர்த்தெடுத்த கதை இது.

பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நடுவர் முன்னே செலோ வாசித்துக் காட்டவேண்டும். அப்பிள்ளை அவ்வாத்தியத்தை முதலில் எங்கே தொட்டது? பாடசாலையில் ஆசிரியர் இல்லையெனின், பெற்றோர் பணங்கொடுத்துத் தனியே கற்பித்திருக்கவேண்டும். பாடசாலையின் வாசலிற் கட்டணம் இல்லை என்பது மெய். கட்டணம் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே வீட்டில் வசூலிக்கப்பட்டுவிட்டது. நகரின் பொதுப் பாடசாலை மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோரும். லா குவார்டியாவில் அவர்கள் தொகை பாதியை எட்டவில்லை. திறமை தோலின் நிறம் பார்த்துப் பிறப்பதில்லையாதலால், இடையிலே எங்கோ ஒரு சல்லடை இருக்கிறது என்பது வெளிப்படை.

இதனைச் சொன்னவுடன் இருவகை விடைகள் வருகின்றன. மெய்யான திறமை எப்படியும் தலைகாட்டும் என்பது ஒன்று. இது மறுமொழிக்கும் தகுதியற்றது; தலைகாட்டாதவற்றை நாம் காணாமையால் அவை இல்லையென்று முடிவுகட்டும் தருக்கம். மற்றையது நம்முடைய தோழர் சிலரே கூறுவது: பொறுக்கியெடுத்த சிலருக்கென ஒரு பாடசாலை சமத்துவத்துக்கு விரோதமானது, ஆகவே அதனை மூடிவிடல் வேண்டும். இவ்வாதத்தின் நேர்மையை மதிக்கிறேன், முடிபை ஏற்கமாட்டேன். மூடினால் தனியாரிடம் கற்கும் வசதியுள்ள பிள்ளைக்கு நட்டமேதுமில்லை. தையற்காரத் தந்தையின் மகனாய் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்து, இசை - ஓவியப் பாடசாலையிற் பயின்று, நியூயோர்க் மாநிலத்தின் இதயக்குறிச் சின்னத்தைக் கூலிபெறாது வரைந்துகொடுத்த மில்ரன் கிளேசர் போன்றோருக்கே நட்டம்.

ஆதர் மிற்செலின் வாழ்க்கை இவ்விவாதத்துக்கு ஒளிதருவது. 1934இற் பிறந்த ஹார்லெம் சிறுவன். சப்பாத்துத் துடைத்தும் பத்திரிகை கொண்டுசென்றும் குடும்பத்துக்கு உழைத்தவன். அவன் ஆடுவதைக் கண்ட பாடசாலை ஆலோசகர் ஒருவர் தூண்டியதனாலேயே அரங்கக் கலைப் பாடசாலைத் தேர்வுக்குச் சென்றான். இங்கேயும் யாரோ ஒருவர் தேடிக் கண்டெடுத்தார் என்பதைக் கவனிக்க. 1952இல் அங்கிருந்து வெளியேறி, 1955இல் நியூயோர்க் நகர பலே குழுவிற் சேர்ந்தார். தென் மாநிலங்களில் நிறப்பாகுபாடு நடைமுறையிலிருந்த 1957இல், 'அகோன்' என்ற நாட்டியத்தில் வெள்ளையின நங்கை டயானா அடம்சுடன் இணைந்தாடினார். இம்மட்டில் நின்றிருந்தால் அவரும் பட்டியலில் ஒரு பெயர். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட செய்தி அவரைத் திருப்பிற்று. அடுத்த ஆண்டில் ஹார்லெம் நடன அரங்கை நிறுவி, வாகனக் கொட்டகையொன்றில் அயலிலுள்ள பிள்ளைகளுக்கு பலே கற்பித்தார். கோடை வெப்பத்தில் கொட்டகையின் கதவுகள் திறந்தே கிடந்தன; தெருவிற் போகும் பிள்ளைகள் நின்று பார்த்து உள்ளே வந்தனர். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். பெயர்த்தெடுக்கப்பட்ட படிக்கட்டை ஒரு பழைய மாணவர் தம் கையாற் கட்ட முயன்றார். ஆனால் ஒரு நகரசபையின் கடமையை ஒரு மனிதர், அவர் எத்துணைப் பெரியவராயினும், எவ்வளவு தூரம் சுமக்கமுடியும்? அவருடைய நிறுவனமே பணமின்றி 2004இல் தன் நடனக் குழுவைக் கலைக்க நேர்ந்து, மீண்டும் எழப் பல ஆண்டுகள் சென்றன. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலைக்கும் ஓர் இசையாசிரியரையும் ஓர் ஓவிய ஆசிரியரையும் மீட்டுத் தரவேண்டியது நகரமேயன்றி நல்லவர் சிலரின் தியாகமன்று.

அண்மைய நிகழ்ச்சியொன்று இவ்விடயத்தில் மாணவர் நம்மிலும் தெளிவுடையோர் என்று காட்டிற்று. 2019ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், லா குவார்டியா மாணவர் நூற்றுக்கணக்கில் பாடசாலைத் தாழ்வாரங்களில் அமர்ந்து மறியல் செய்தனர். கலைத்தேர்விற் சிறந்து விளங்கிய பிள்ளைகள் பாடப் புள்ளிகள் போதாமையால் தள்ளப்படுகின்றனர் என்பது அவர்களின் குற்றச்சாட்டுகளுள் தலையானது. நிர்வாகம் விரைவிற் கைமாறிற்று. போராடியோருட் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று சிலர் ஏளனஞ் செய்தனர். இருக்கட்டும். தங்களுக்கு ஏற்கெனவே இடங் கிடைத்துவிட்ட கட்டடத்தினுள், இடங் கிடைக்காதவர்களுக்காக அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.