வினைக்காகக் காத்திருக்கும் காது

நம் இலத்தீன் வாசிப்பு வட்டத்தின் வெள்ளி விழா மலருக்கு நம் வாசிப்பு மரபைப் பற்றி எழுத வேண்டும் என்று தலைவர் ஐயா பணித்தார்கள்.

இலத்தீன் கற்பிக்கும் கென்னடி வழி, ஓர்பெர்க் வழி, ஃபாஸ்டர் வழி மூன்றும் நம் உறுப்பினர்கள் அறிந்தவையே. மூன்றையும் உரைத்துப் பார்க்கும் கல் ஒன்றுதான்: இலக்கணம் முடித்தவர் மூலநூலில் கால் வைக்கும் நாள். கென்னடியில் தேறியவருக்கு வாய்பாடு பிசகாது. ஆனால் சீசரின் ஒரு நீண்ட வாக்கியம் அவரை அரை மணி நேரம் நிறுத்திவிடும். ஓர்பெர்க்கின் 'ஃபமிலியா ரோமானா'வின் 35 அத்தியாயங்களைச் சரளமாகக் கடந்தவருக்கும் அதற்கடுத்த படி உயரம்தான். ரோமில் ரெஜினால்ட் ஃபாஸ்டர் முதல் நாளிலிருந்தே மூலத்தைக் கையில் கொடுத்தார். அதற்கு அவரைப் போன்ற ஆசிரியர் வேண்டும்.

எங்களுக்கு இலத்தீன் கற்பித்த பாதிரியாரை ‘சாமி’ என்றே அழைப்போம்; அவர் கென்னடி வழியில் வந்தவர். குருமடங்களில் இலத்தீனிலேயே பாடம் நடக்க வேண்டும் என்று திருத்தந்தை 23ஆம் யோவான் 1962இல் கேட்டுக்கொண்டதை அடிக்கடி நினைவுகூர்வார். வாய்பாடு முடிந்ததும் இலக்கணப் புத்தகத்தை மூடச் சொல்லி, வுல்காத்தாவின் லூக்கா நற்செய்தியை எடுப்பார். கதை தெரிந்தது, வாக்கியம் சிறியது. அடுத்து நெப்போஸ், பிறகு சீசர்.

வரியின் மேல் ஓர் அஞ்சலட்டையை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவார். “இரண்டாம் வேற்றுமை வந்துவிட்டது. யாரோ எதையோ செய்யப்போகிறார். பொறு” என்பார். முதலில் வினையைத் தேடிப் பிடிக்கச் சொல்லும் ஆங்கிலப் பழக்கம் அவருக்கு ஆகாது. “உன் தாய்மொழியில் வினை எங்கே வருகிறது? கடைசியில்தானே? உன் காது காத்திருக்கப் பழகியது. கொண்டுகூட்டைச் செய்யுளுக்கு வைத்துக்கொள்” என்பார். அப்லேட்டிவ் அப்சொல்யூட்டில் எல்லோரும் திணறியபோது, ‘ஊர்பே காப்தா’ என்ற இரண்டு சொல்லை எழுதி, ‘நகர் பிடிபட்டதும்’ என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சீசருக்குப் பிறகு வீரமாமுனிவர். 1738இல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. சொல்லப்படும் பொருள் நம் மொழி என்பதால், தெரியாத சொல்லையும் இடம் நோக்கி உணரலாம். பாலமாக இதைவிட நல்ல நூல் தமிழருக்கு இல்லை என்பது என் துணிபு.

சாமி வைத்த அளவுகோல் இதுதான்: முன்பின் பாராத ஒரு பக்கம்; அகராதி மூடியிருக்க வேண்டும்; இருமுறை வாய்விட்டு வாசித்தபின் பொருள் சொல்ல வேண்டும். மறுநாள் அதே பக்கத்தை மறுபடியும் வாசிக்க வேண்டும்.

இனிச் சொல்வது யாரையும் குறித்தல்ல. நல்லெண்ணத்தோடு உழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் சிலர் இரண்டாண்டு வாய்பாடு ஒப்பித்ததும் சான்றிதழ் வழங்கிவிடுகிறார்கள். சிலர் லோப் பதிப்பின் வலப்பக்க ஆங்கிலத்தைப் படித்துவிட்டு இடப்பக்க இலத்தீனைப் படித்ததாக நம்புகிறார்கள். ஒரு கூட்டத்தில் சிசெரோவை எடுத்துக்கொண்ட அன்பர், மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்து அமர்ந்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மூலத்தில் ஒரு சொல்கூட அன்று ஒலிக்கவில்லை. கூட்டங்களில் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் ஒன்றரை மணி நேரம். வாசிப்புக்குப் பத்து நிமிடம். பென்சில் கொண்டுவருவோரைக் காணோம். அலமாரியிலுள்ள லூயிஸ்–ஷார்ட் அகராதியைத் துடைக்கக்கூட ஆள் இல்லை. தவறாக வாசிப்பவரைத் திருத்தினால் மனம் நோகுமாம். எங்களைத் திருத்தாமல் விட்டிருந்தால் இன்று யார் வாசித்திருப்போம்? இப்படியே போனால் பொன்விழா மலரில் நம் வட்டத்துக்கு இலத்தீன் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

மூத்தவர்கள் மன்னித்து ஒன்றை அனுமதிக்க வேண்டும். அடுத்த கூட்டத்திலிருந்து உரைகளுக்கு முன் ஒரு பக்கம் வாசிப்போம். வீரமாமுனிவரிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொருவரும் ஓர் அஞ்சலட்டை கொண்டுவந்தால் போதும்.