துப்பாக்கியும் கணக்கேடும்: போக்னரின் ‘கரடி’யில் மரபுரிமை

ஒரு துப்பாக்கி ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு மாறும்போது அதனுடன் கதைகளும் கைமாறுகின்றன. அதனை யார் வாங்கினார், எந்தக் காட்டில் எந்த விலங்கு அதற்கு இரையாயிற்று, எந்தக் குறி தப்பிற்று என்பனவெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றன. பல துப்பாக்கிகளைச் சேர்த்துவைத்தவரின் வீட்டில் அப்பொருள்களின் மதிப்பை நிர்ணயிப்பன பெரும்பாலும் இக்கதைகளே. கதை அறியாதவன் கையில் அவை பழைய கருவிகள்; கதை அறிந்தவன் கையில் அவை குடும்ப வரலாறு. ஆயின், அவ்வரலாறு எத்துணை முழுமையானது? எவருடைய நினைவுகள் அதில் இடம்பெறுகின்றன? எவருடையவை விடுபடுகின்றன? அமெரிக்கத் தென்மாநிலங்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதிய வில்லியம் போக்னர் (1897–1962) தமது ‘கரடி’ என்னும் நெடுங்கதையில் எழுப்பும் வினாக்கள் இவையே. சிறந்த வேட்டைக்கதை எனப் பலராலும் போற்றப்படும் இப்படைப்பை மரபுரிமை பற்றிய கதையாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோ டவுண், மோசஸ்’ என்னும் நூலில் அடங்கியுள்ள ஏழு கதைகளுள் ‘கரடி’யும் ஒன்று. மிசிசிப்பி மாநிலத்தில் போக்னர் படைத்துக்கொண்ட கற்பனை மாவட்டத்திலே, பெருநிலக்கிழார் குடும்பமொன்றின் வாரிசாகப் பிறந்தவன் ஐக் மக்காஸ்லின். பத்து வயதில் அவன் முதன்முறையாக வேட்டை முகாமுக்குச் செல்கின்றான். அங்கே ஆண்டுதோறும் துரத்தப்படுவது ‘ஓல்ட் பென்’ எனப் பெயர்பெற்ற முதிய கரடி. அக்கரடியை நேரிற் காண்பதற்கு முன்னரே அது அவனுக்கு உரிமையாகிவிட்டது என்னும் கருத்துப்படப் போக்னர் எழுதுகின்றார். பெரியோர் பேசக் கேட்ட பேச்சின் வழியாகவே கரடி அவனுடைய சொத்தாயிற்று. வேட்டை நினைவு என்பது தானே அனுபவித்ததாக இருக்கவேண்டியதில்லை. அது நிலத்தைப்போலவே கொடுக்கப்படுவது, பெறப்படுவது என்னும் உண்மை கதையின் தொடக்கத்திலேயே உணர்த்தப்படுகின்றது.

இந்நினைவுரிமையின் புறச்சின்னமாக அமைவது ஐக்கின் துப்பாக்கி. தந்தையை இழந்த அவனைத் தந்தைபோல் வளர்த்த உறவினன் மக்காஸ்லின் எட்மண்ட்ஸ் அதனை அவனுக்கு வழங்குகின்றான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஐக் அதனை வைத்திருக்கின்றான். அக்காலத்தில் அதன் குழல்கள் இருமுறை மாற்றப்படுகின்றன, மரப்பிடியும் புதிதாகின்றது. இறுதியில் முதற் துப்பாக்கியிலிருந்து எஞ்சுவது விசையைச் சூழ்ந்த வெள்ளியிழைத்த காப்பு மாத்திரமே. அதிலே கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் 1878 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. சுடும் உறுப்புகள் யாவும் மாறியபின்னும் அது அதே துப்பாக்கியாகவே கருதப்படுகின்றது. மரபுரிமைப் பொருளிற் கைமாறுவது கருவியன்று, பெயரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. ஐக்கிற்கு வேட்டையைக் கற்பித்தவர் யார்? அவர் சாம் பாதேர்ஸ். சிக்கசோ இனத் தலைவன் ஒருவனுக்கும் அடிமைப் பெண்ணொருத்திக்கும் பிறந்தவர். பெற்ற தந்தையாலேயே தாயுடன் சேர்த்து ஐக்கின் பாட்டனான கரோதேர்ஸ் மக்காஸ்லினுக்கு விற்கப்பட்டவர். கரடியைக் காணவேண்டுமாயின் துப்பாக்கியை விட்டுச்செல்லவேண்டும் என்று சிறுவனுக்கு அறிவுறுத்துபவர் அவரே. ஐக் துப்பாக்கியை விட்டுச் செல்கின்றான். பின்னர் கடிகாரத்தையும் திசையறிகருவியையும் ஒரு செடியில் தொங்கவிட்டு வெறுங்கையனாக நடக்கின்றான். அப்போதுதான் கரடி அவன் கண்ணிற் படுகின்றது. காடு பற்றிய அறிவனைத்தும் சாமிடமிருந்து வந்தது. துப்பாக்கியிலோ அவருடைய பெயர் இல்லை. பிள்ளையற்ற அவர் தமது அறிவைத் தம்மை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளைக்கே விட்டுச்செல்ல நேர்கின்றது. முகாமில் நாய்களைப் பிடித்துக்கொண்டு ஏவல் செய்யும் ‘டெனியின் ஜிம்’ என்னும் கறுப்பின இளைஞனும் கரோதேர்சின் வழித்தோன்றலே. ஐக்கின் இரத்த உறவினனான அவனுக்கு எவரும் பெயர் பொறித்த துப்பாக்கி வழங்கவில்லை.

இவ்வுறவு வெளிப்படுவது கதையின் நான்காம் பகுதியிலாகும். பண்ணைப் பண்டசாலையிற் கிடந்த பழைய கணக்கேடுகளைப் பதினாறு வயதில் ஐக் வாசிக்கின்றான். அவற்றிலுள்ள குறிப்புகள் அவனுடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் எழுதியவை. 1807இல் கரோதேர்ஸ் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 650 டொலருக்கு வாங்கிய யூனிஸ் என்னும் அடிமைப்பெண் 1832ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் நாளில் ஓடையில் மூழ்கி இறந்தாள். அவள் மகள் அடுத்த ஆண்டு ஆண்குழந்தையொன்றைப் பெற்று இறந்தாள். கரோதேர்ஸ் அவ்வாண்மகனுக்கு 1,000 டொலரை மரணசாசனத்தில் விட்டுச்சென்றான். இச்சில குறிப்புகளிலிருந்து ஐக் உண்மையை ஊகித்தறிகின்றான். கரோதேர்ஸ் யூனிசின் மகளுக்குத் தந்தை. அம்மகளின் குழந்தைக்கும் அவனே தந்தை. மகன் என்று ஏற்கவேண்டிய கடனைப் பணத்தால் தீர்க்க முயன்றிருக்கின்றான். துப்பாக்கியின் வெள்ளியில் பொறிக்கப்பட்ட எழுத்தும் கணக்கேட்டின் மங்கிய மையெழுத்தும் ஒரே குடும்பத்தின் ஆவணங்கள். முன்னையது பிள்ளைகளுக்குக் காட்டப்படுவது. பின்னையது அலுமாரியில் தூசி படிந்து கிடப்பது.

நான்காம் பகுதி வேட்டைக்கதையின் ஓட்டத்தைத் தடைசெய்கின்றது என்பது அடிக்கடி கூறப்படும் குறை. 1942இல் ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ற்’ சஞ்சிகையில் வெளிவந்த சுருக்க வடிவத்தில் அப்பகுதி இல்லை. 1955இல் தமது வேட்டைக்கதைகளைத் தொகுத்தபோது போக்னரே அதனை விலக்கிவிட்டார். இவ்வாறு விலக்கியபின் எஞ்சுவது அழகிய கதைதான், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வழகு எவ்வாறு கிடைக்கின்றது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். கணக்கேட்டை நீக்கித் துப்பாக்கியை மாத்திரம் ஒப்படைக்கும் குடும்பங்கள் செய்வதையே இப்பதிப்புகளும் செய்கின்றன. வேட்டை நினைவு தூய்மையானதாகத் தோன்றுவதற்கு நான்காம் பகுதி மறைக்கப்படவேண்டியிருக்கின்றது.

ஏணெஸ்ற் ஹெமிங்வே 1933இல் வெளியிட்ட ‘தந்தையரும் மைந்தரும்’ என்னும் சிறுகதையை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். நிக் அடம்ஸ் தன் தந்தையிடம் சுடக் கற்றதை நினைவுகூர்கின்றான். நாளொன்றுக்கு மூன்று தோட்டாக்களே தந்தை கொடுப்பார். தண்டனை பெற்ற கோபத்தில், அவர் கொடுத்த அதே துப்பாக்கியை நிரப்பிவைத்துக்கொண்டு அவரையே நோக்கியிருந்த கணமும் அவன் நினைவில் உண்டு. கற்பித்தவனுக்கு எதிராகவே கருவி திரும்பக்கூடும் என்னும் உண்மையை ஹெமிங்வே மிகச் சிக்கனமாகக் கூறிவிடுகின்றார். ஆயினும் அங்கு பூசல் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றது. காட்டின் பழங்குடி மக்கள் நிக்கின் இளமை நினைவின் பகுதியாக வருகின்றனரேயன்றி, உரிமை கேட்பவராக வருவதில்லை. போக்னர் அவ்வெல்லையைக் கடந்து, குடும்பத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரையும் வாரிசுகளாகக் காண்கின்றார்.

இருபத்தொரு வயது நிறைந்ததும், 1888இல், ஐக் தன் நிலவுரிமையைத் துறந்து தச்சனாக வாழ்கின்றான். இத்துறவைப் பெரும் அறச்செயலாகக் கொள்வோர் உளர். ஆனால், அவன் நிலத்தைத் துறந்தானேயொழியத் துப்பாக்கியைத் துறக்கவில்லை. ஆண்டுதோறும் காட்டுக்குச் செல்கின்றான்; நினைவுகளையும் காத்துவருகின்றான். பாவம் நிலத்திலே உள்ளது, வேட்டையிலே இல்லை என்று அவன் நம்புவதாகத் தோன்றுகின்றது. ஏவலரின் உழைப்பில் நடந்த அம்முகாமும் அதே உடைமையுறவின் பகுதி என்பதை அவன் எண்ணிப்பார்க்கவில்லை. மேலும், அவன் விட்ட நிலம் கறுப்பின உறவினருக்குச் செல்லவில்லை. எட்மண்ட்ஸ் குடும்பத்துக்கே சென்றது.

இந்த ஒதுக்கம் ‘டெல்டாவில் இலையுதிர்காலம்’ என்னும் அடுத்த கதையில் விசாரணைக்குள்ளாகின்றது. முதுமையடைந்த ஐக்கின் முகாமுக்கு இளம்பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் வருகின்றாள். குழந்தையின் தந்தை எட்மண்ட்ஸ் குடும்பத்து ரொத். அவளோ நாய்களைப் பிடித்துநின்ற ஜிம்மின் பேத்தி. தனக்குச் சொந்தமல்லாத நிலத்தை ரொத்தின் பாட்டனுக்குக் கொடுத்தமையால் ரொத்தைக் கெடுத்தவன் ஐக்கே என அவள் குற்றஞ்சாட்டுகின்றாள். ஐக்கின் துறவு குறித்து நூலிற் கூறப்படும் மிகக் கூரிய விமர்சனம் இதுவெனலாம். ரொத் விட்டுச்சென்ற பணத்தை ஐக் அவளிடம் நீட்டுகின்றான். ஜெனரல் கொம்சன் தனக்கு மரணசாசனத்தில் விட்டுச்சென்ற வெள்ளிப்பூணிட்ட வேட்டைக்கொம்பையும் குழந்தைக்கெனக் கொடுக்கின்றான். வேட்டை மரபின் பொருளொன்று முதன்முறையாக மறுக்கப்பட்ட கிளைக்குச் செல்கின்றது. ஆனால், அதே வேளையில் அவளை வடக்கே சென்று தன் இனத்தவனொருவனை மணந்துகொள்ளுமாறும் அவன் கூறுகின்றான். கொம்பு கொடுக்கப்படுகின்றது, பெயரும் இடமும் மறுக்கப்படுகின்றன. பாட்டனின் 1,000 டொலரிலிருந்து பேரன் வெகுதூரம் வந்துவிடவில்லை.

போக்னரிடம் குறை இல்லையென்பதற்கில்லை. யூனிஸ் ஏன் மூழ்கினாள் என்பதை நாம் ஐக்கின் ஊகத்தின் வழியாகவே அறிகின்றோம், அவள் பேசுவதில்லை. கொம்பைப் பெற்றவளுக்குக் கூர்மையான வாக்கு உண்டு, பெயர் இல்லை. எனினும் ‘கரடி’யின் இறுதிக் காட்சியில் அவர் உடைமையுணர்வின் முடிவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடுகின்றார். காட்டு மரங்கள் மெம்பிஸ் மரக்கம்பனிக்கு விற்கப்பட்டுவிட்டன. தனிமரமொன்றில் அணில்கள் அங்குமிங்கும் ஓடுகின்றன. அதன் அடியில் அமர்ந்து, கழன்று கிடக்கும் தன் துப்பாக்கியின் உறுப்புகளை மோதியடித்துக்கொண்டிருக்கின்றான் பூண் ஹொகன்பெக். கரடியைக் கத்தியாற் குத்திக் கொன்றவன் அவனே. இப்போது அணில்களெல்லாம் தன்னுடையவை, எவரும் தொடக்கூடாது எனக் கூவுகின்றான். காடும் கரடியும் போனபின்னர் உடைந்த துப்பாக்கியும் உரிமைக் குரலுமே எஞ்சுகின்றன.

முன்னோரின் ஆயுதங்களையும் நினைவுகளையும் போற்றுவது தவறென்று இக்கதை கூறவில்லை. ஐக்கிற்குக் காடு கற்பித்த பணிவை அது மெய்யானதாகவே சித்திரிக்கின்றது. மரபிலிருந்து விரும்பியதை எடுத்துக்கொண்டு ஏனையதை விட்டுவிடும் உரிமை வாரிசுக்கு இல்லை என்பதே அதன் முடிவு. துப்பாக்கியைப் பெறுபவன் கணக்கேட்டையும் பெற்றுக்கொள்ளவேண்டும். வாசித்தபின் அதிலுள்ள கடனை உரியவரிடம் உரிய பெயரிட்டுத் தீர்க்கவும் வேண்டும். ஐக் முதலிரண்டையும் செய்தான். மூன்றாவதைச் செய்ய அவனால் இயலவில்லை. அந்த இயலாமையை மறைக்காது எழுதியதே போக்னரின் நேர்மை. ‘கரடி’யை நான்காம் பகுதியோடு வாசிக்கவேண்டுமென நாம் வற்புறுத்துவதும் அதன் பொருட்டேயாகும்.